கடைசியாகக் கண்ட நாள்

லாச்சப்பல், பாரிஸ்
12.06.2019

அன்பு மகன் கரிகாலனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், கனடாவில் நீயும் மருமகள் சிவாஜினியும் நோய்நொடி இல்லாமல் இருக்க நல்லூரானைக் கும்பிட்டுக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். நீ அடித்தால் நான் போனைத் தூக்குவதில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டாயாம். போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிப்போவேன், பிறகு சொல்லவேண்டியது தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும், அதனால்தான் கடிதம். அப்பாவுக்குச் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, வாய்தான் கட்டுப்பாட்டில் இல்லை, கீழ்க்கடையில் நின்று களவாக வடை தின்கிறார். உங்கள் வீட்டுக் கூரை ஒழுக்குத் திருத்தியாகிவிட்டதா? மழைக்கு முன்னம் பார்.

நீ ஆசையாக அனுப்பிவைத்த யாத்திரை போய்வந்தேன். வருசாவருசம் லூர்துக்கு பஸ் விடுகிற ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை இந்தமுறை கொலோன் பெரிய கோயில், பிராக்கில் குழந்தை யேசு, யூதருடைய பழைய கோயில் என்று ஒழுங்குபண்ணியிருந்தார். பஸ்ஸில் முக்கால்வாசி எங்களைப்போலச் சைவக்காரர்தான், மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தாத சைவம் பாரிசில் எங்கே இருக்கிறது. அப்பா மட்டும் முழங்கால் நோகிறது என்று கடைசி நேரத்தில் ஏறவில்லை. கொலோன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்துப் பிடித்ததுதான் மிச்சம். ஆனால் பிராக்கில் அந்தக் குழந்தை யேசு ஒரு முழ உயரம்தான், காலத்துக்கொரு பட்டு மாற்றிச் சாத்துப்படி செய்து வைத்திருக்கிறார்கள், பார்த்தவுடன் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முழந்தாளிட்டு, உங்களுக்கு ஒரு பிள்ளையைத் தரச்சொல்லிக் கேட்டேன். இந்தப் பத்து வருசத்தில் எந்தச் சாமிக்கு முன்னாலும் உன் தம்பி கிருஷிகனைத்தான் முதலில் கேட்கிறது, அன்றைக்கு உனக்காக முதலில் கேட்டேன்.

மறுநாள் ஞாயிறு யூதர் கோயில். ஆம்பிளைகள் தலையை மூடவேண்டும் என்று கடதாசித் தொப்பி கொடுத்தார்கள், ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையின் தலைக்கு அது நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது, சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனோம். உள்ளே சாமியும் இல்லை, படமும் இல்லை. சுவர் முழுக்கப் பெயர், நிலத்திலிருந்து முகடு வரைக்கும் பொடிப்பொடி எழுத்தில் பெயர்தான். எண்பதினாயிரத்துக்குக் கிட்ட என்று பஸ்ஸோடு வந்த வழிகாட்டி ழான்-லூக் பிரெஞ்சில் சொன்னார். ஹிட்லரின் ஆட்கள் பிடித்துக்கொண்டுபோன சனம். இடையில் ஒரு அரசாங்கம் அந்தப் பெயர்களை அழித்துவிட்டதாம், அது போனபிறகு முதலிலிருந்து திரும்ப எழுதினார்களாம். பிறந்த நாள் எழுதிக் கிடக்கிறது, பக்கத்தில் இன்னொரு நாள். செத்த நாளோ என்று கேட்டேன். செத்த நாள் தெரிந்தவர்களுக்கு அது, தெரியாதவர்களுக்கு உயிரோடு இருந்ததாகத் தெரிந்த கடைசி நாள் என்றார். திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்தும், தெரியாத நாளைத் தெரிந்ததாக அவர்கள் எழுதவில்லை. எனக்கு மகாலிங்கம் மாஸ்டர் ஞாபகம் வந்தார். சண்டை முடிகிற நேரம் வட்டுவாகலில் ஆமியிடம் போகிற வரிசையில் நின்ற கிருஷிகனிடம் கடைசியாகத் தண்ணி வாங்கிக் குடித்தவர் அவர், அது 2009 வைகாசி பதினேழு. எங்களுக்கும் ஒரு நாள் இருக்கிறது, அதற்குமேல் எதுவும் இல்லை என்று அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், காவலாளி வந்து கையை எடுக்கச் சொன்னான்.

திரும்பிவரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த, ஸ்தேன் பக்கம் குடியிருக்கிற ஞானமலருக்குக் கனடாவிலிருந்து அவளுடைய தமையன் படம் அனுப்பினான். என்னிடம் நீட்டி, என்னக்கா, நீங்கள் இல்லாமலோ செய்தவை என்று கேட்டாள். நீ மேற்சட்டை இல்லாமல், விரலில் தர்ப்பை மோதிரத்தோடு இருக்கிறாய். முன்னால் கிருஷிகனின் படம், மாலை, குத்துவிளக்கு. அதே ஞாயிறு. தர்ப்பையில் உருவம் செய்து எரித்தீர்களாம், ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அவன் செத்த நாள் என்று வைகாசியில் ஒரு திதியும் குறித்துத் தந்தாராம். என்னைச் சாமி கும்பிட அனுப்பிவிட்டு என் பிள்ளைக்கு அந்தியேட்டி செய்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன், தனக்கு முன்னமே தெரியும் என்றார். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு போடுகிறேன், முகம் கொடுப்பதில்லை.

சாத்திரி சொன்னதால்தான் செய்தாய் என்று அப்பா சொன்னார், கழிக்காத ஆத்மா தடுக்கிறது, அதுதான் பிள்ளை தங்குதில்லை என்றாராம். சிவாஜினி படும் பாடு எனக்குத் தெரியாதா? அவளில் எனக்குக் கோபம் இல்லை. உன்னைத்தான் கேட்கிறேன். உனக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று என்னுடைய பிள்ளையைச் சாகடிக்க உனக்கு யார் உரிமை தந்தது? அவன் இல்லை என்றால் அதை நான் சொல்லவேண்டும். எனக்கும் சந்தேகம் வராத நாள் இல்லை, இரா முழுக்க அந்தச் சந்தேகத்தோடுதான் படுக்கிறேன், ஆனாலும் விடியக் கதவு தட்டினால் நெஞ்சு அவன்தான் என்கிறது. பத்து வருசம் நீயும் பொறுத்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுப்பேன் என்று தெரிந்துதானே பஸ் பிடித்து அனுப்பினாய்.

மாலையைக் கழற்று. படத்தை உங்கள் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் கொழுவு. அதைச் செய்துவிட்டுப் போன் எடு, உடனே தூக்குவேன். சிவாஜினியைப் பாரம் தூக்க விடாதே, வேளைக்குச் சாப்பிடச் சொல்லு. பிராக்கில் உங்களுக்காகக் கேட்டதை நான் திருப்பி எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன், நல்லபடி ஒரு பிள்ளை பிறந்து நீங்கள் இருவரும் நிறைவாய் வாழவேண்டும். அது பேச்சு விளங்கும் வயதில் என்னைக் காட்டி இவ யார் என்று கேட்டால், இப்படிச் சொல்லிக் கொடு:

கரிகாலனையும் கிருஷிகனையும் வைத்திருக்கும் அம்மா,
யோ. சாரதாதேவி