சுவரிலிருந்து கழற்றிய பக்கம்

கிழக்குத் தாம்பரம்,
20.2.2008, புதன்கிழமை

அன்புள்ள மகன் ஆஸ்டினுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் ஜென்சியும் சுகம், நானும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதமா என்று நினைப்பாய். இது போனில் பேசக்கூடிய விஷயமாக இல்லை. சாயங்காலம் அப்பா ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறார், பகலில் கூப்பிட்டால் நீ ஆபீசில் இருப்பாய், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ. மெயில் அனுப்ப ஜென்சியைத்தான் கேட்க வேண்டும், அவளுக்கு அடுத்த மாதம் பிளஸ் டூ பரீட்சை, அவள் காதில் இது விழக் கூடாது. நம் சபை அசரியா அங்கிள் தன் மகளைப் பார்க்க நாளை இரவு விமானத்தில் சிங்கப்பூர் வருகிறார், அதனால் ஊறுகாய்க்கும் அச்சுமுறுக்குக்கும் அடியில் இந்தக் கவரை ஒட்டி வைத்து அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். தனியாக இருக்கும்போது படி.

வீட்டில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நம் தெருவைக் குழாய் போட என்று வெட்டிப் போட்டுப் பதினைந்து நாளாகிறது, தண்ணீர் லாரி முனையிலேயே நின்றுவிடுகிறது, நானும் புஷ்பலதா அக்காவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கியிருக்கிறார் டாக்டர். ஆனால் அவர் உற்சாகமாகத்தான் இருக்கிறார். உனக்கு ஏப்ரலில் எம்ப்ளாய்மென்ட் பாஸைப் புதுப்பிக்கப் போகிறார்கள், அதன் பிறகு அங்கேயே நிரந்தரமாகத் தங்க பி.ஆரும் கிடைத்துவிடும் என்று தன் ஸ்கூலில் வாத்தியார்கள் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். போன வாரம் லெந்து ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஆயரிடமும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு போன் வந்தது. உன்னை அனுப்பிவைத்த கன்சல்டன்சியில் இருந்து வினோத்குமார் என்றான். ஒரு முறை உன்னோடு வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டானே, அவன்தான். உன் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டதாம், புது முதலாளிகள் பாஸைப் புதுப்பிக்கும் முன்னால் எல்லோருடைய அனுபவ சர்டிபிகேட்டையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லி இங்கே ஒரு ஏஜென்சியிடம் கொடுத்திருக்கிறார்களாம், யாராவது வீட்டுக்கு வந்து கேட்டால் ஆஸ்டின் 2004 ஜூனில் இருந்து 2006 ஜூலை வரை மறைமலை நகரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தான் என்று சொல்ல வேண்டுமாம். நான் அவன் வேறு ஆஸ்டினைச் சொல்கிறான் என்றே நினைத்தேன். என் பையன் அப்போது வீட்டில்தானே இருந்தான், பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தான் என்றேன். அவன் சிரித்தான். "இன்னா ஆன்ட்டி நீங்க, எல்லாரும் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுக்கினுதான் போறாங்க. போன் பண்ணா எடுக்க ஆள் கீது, லெட்டர்ஹெட் கீது. நீங்க மட்டும் மாத்திப் பேசாம இருங்க, போதும்" என்றான். நான் சரி என்று சொல்லிவிட்டேன் ஆஸ்டின். ஏன் சொன்னேன் என்று இப்போது வரைக்கும் யோசிக்கிறேன். உன்னை அந்த ஊரில் போலீஸ் கூட்டிக்கொண்டு போவது போல் ஒரு படம் மனதில் வந்தது, வாய் தானாகச் சரி என்றது.

நேற்று பதினோரு மணிக்கு அந்த ஏஜென்சியில் இருந்து ஆள் வந்தார். பெயர் சாம்பசிவன், அறுபது வயது இருக்கும், தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆகி இந்த வேலை பார்க்கிறாராம். முடிச்சூரில் இருந்து பஸ்ஸில் வந்து, வெட்டிப் போட்ட தெருவைத் தாண்டி வேர்த்து விறுவிறுத்து வந்தார். முகவரியைப் பார்த்துவிட்டு நாலு கேள்வி கேட்டு ஒரு கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். நானும் வினோத்குமார் சொன்னதை அப்படியே சொன்னேன், தினமும் எட்டே காலுக்கு எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடித்து மறைமலை நகருக்குப் போவான் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். காப்பி கொண்டுவர உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவர் நாற்காலியில் இல்லை. மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, வசனக் காலண்டருக்குப் பக்கத்தில் நான் ஃபிரேம் போட்டு மாட்டிய பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பது போல் வாசித்துக்கொண்டிருந்தார்.

எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும். நீ போன புதிதில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கர்த்தருக்கு நன்றியாக நான் சொன்ன சாட்சியை நம் சபைப் பத்திரிகையில் போட்டார்களே, அதுதான். பொறியியல் முடித்தும் 2004 ஜூன் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு வேலையும் இன்றி வீட்டில் இருந்த எங்கள் மகன் ஆஸ்டினுக்குக் கர்த்தர் தூர தேசத்தில் வாசலைத் திறந்தார் என்று, உன் போட்டோவோடு. சாட்சி என்றால் நாள், மாதம் சரியாக இருக்க வேண்டும் என்று அப்பாதான் தேதியைச் சேர்க்கச் சொன்னார்.

சாம்பசிவன் சார் திரும்பி என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "ஞானஜோதின்னு போட்டிருக்கே, அது நீங்கதானேம்மா" என்றார். ஆமாம் என்றேன். காப்பி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். தனக்கும் பஹ்ரைனில் ஒரு மகள் இருக்கிறாள் என்றார். பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "நான் பார்த்ததை எழுதித்தாம்மா ஆகணும், இல்லேன்னா நானும் பொய் சொன்னவன் ஆயிடுவேன். ரிப்போர்ட் திங்கக்கிழமை சாயங்காலம் கொடுக்கணும். அதுக்கு முன்னாடி பையனே போய்ச் சொல்லிட்டான்னா அது ஒரு மாதிரி, நாங்க சொல்லித் தெரிஞ்சா அது வேற மாதிரி. எந்த மாதிரின்னு என்னால உறுதி சொல்ல முடியாது." போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவர் போனதும் அந்த ஃபிரேமைக் கழற்றி அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. அப்பா வந்து கேட்டார், ஆணி ஆடுகிறது என்றேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த மனுஷன், சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து நல்ல ஆணியாகப் பார்த்து அடிக்கவா என்கிறார். நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், கேட்பதற்கே பயமாக இருக்கிறது. உனக்குத் தெரியாமல் அவர்களே அந்த சர்டிபிகேட்டைச் சேர்த்துவிட்டார்கள் என்று நம்பத்தான் நேற்றெல்லாம் பார்த்தேன். ஆனால் போன கிறிஸ்துமஸுக்கு ஃபிரேம் போட்டதை உன்னிடம் போனில் சொன்னபோது நீ என்னை அதை முழுவதும் வாசிக்கச் சொன்னாய். வாசித்தேன். லைன் கட்டாகிவிட்டதோ என்கிற அளவுக்குப் பேசாமல் இருந்தாய். பிறகு, "ஹால்ல வேண்டாம்மா, உள்ள எங்கயாவது வெச்சுக்கோ" என்றாய். வேலையில்லாமல் இருந்ததை நாலு பேர் படிப்பது உனக்குக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன், நமக்குள் என்ன கூச்சம் என்று அப்படியே விட்டுவிட்டேன். நேற்றுதான் அந்த மௌனம் என்னவென்று புரிந்தது. அன்றைக்கே நீ சொல்லியிருக்கலாம் தம்பி. சொல்ல முடியாதபடி நான்தான் உன்னை வைத்திருந்தேனோ என்றும் தோன்றுகிறது. அந்த இரண்டு வருடமும் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பையன் என்ன செய்கிறான் என்று கேட்பார்களோ என்று நான் பந்தியில் கடைசி வரிசையாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு நாள் உன் காதுபடவே உன் வயசுப் பிள்ளைகள் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டார்கள் என்று புஷ்பலதா அக்காவிடம் சொன்னேன். அன்றிலிருந்து நீ எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அந்த மாதம்தான் கன்சல்டன்சிக்குப் போக ஆரம்பித்தாய்.

அந்த ஊர்ச் சட்டம் ரொம்பக் கடுமை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாஸை ரத்து செய்து அனுப்பிவிடுவார்களா, இனி எந்த நாட்டுக்கும் போக முடியாமல் ஆகிவிடுமா, ஜெயில் என்று ஏதாவது இருக்குமா, யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. கேட்டாலே ஏன் கேட்கிறாய் என்பார்கள். கேட் சத்தம் கேட்டால் எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். நீ முதலில் அங்கே ஒரு வக்கீலைப் பார், தனியாகப் போகாதே, உன்னோடு தங்கியிருக்கும் பரணியைக் கூட்டிக்கொண்டு போ. பிறகு உன் மேனேஜரிடம் நீயே சொல். வினோத்குமார் கூப்பிட்டு வேறு யோசனை சொன்னால் கேட்காதே.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட் கொடுக்கும் முன்னால் திங்கட்கிழமை மத்தியானம் எனக்கு மறுபடி போன் செய்வதாகச் சாம்பசிவன் சார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எலெக்ட்ரிக் டிரெயின் கதையை என்னால் இன்னொரு தடவை சொல்ல முடியாது, முயன்று பார்த்தேன், கண்ணாடி முன்னால் நின்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. அவர் கேட்டால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். அதனால் எனக்கு முன்னால் நீ சொல்லிவிடு. பெற்ற தாய் வாய் திறந்துதான் உன் வேலை போயிற்று என்று இருக்க வேண்டாம், உனக்கும் அது வேண்டாம், எனக்கும் வேண்டாம். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அவர் கோபித்தால் என் மேல் கோபிக்கட்டும். அனுப்பிவிட்டார்கள் என்றால் வந்துவிடு. யார் என்ன கேட்டாலும் இந்த முறை நான் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஊறுகாயில் எண்ணெய் மேலே நிற்கும்படி பார்த்துக்கொள், ஈரக் கரண்டி போடாதே. சனிக்கிழமை பதினொரு மணிக்கு, இங்கே பதினொன்று, வீட்டுக்குப் போன் செய், அப்பா ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருப்பார். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, லைனில் இரு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நேற்றிலிருந்து முழங்காலில் நின்றால், உனக்காக எதைக் கேட்பது என்று தெரியாமல் உன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா,
ஞானஜோதி தனசிங்