வெட்டுவதற்கென்றே வரைந்த மலைகள்

அண்ணனுக்கு,

இன்று காலை மாப்பசைப் போத்தலைத் திறந்தபோது புளித்த வாடை அறையெங்கும் பரவியது. நீங்கள் காய்ச்சியதல்ல, நான் காய்ச்சியது. ஆயினும் லிந்துலை வீட்டுச் சமையலறை மேசையும் அதன்மேல் கவிந்திருக்கும் உங்கள் முதுகும் நினைவுக்கு வந்தன.

சித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றதும் அந்தப் பழக்கத்தைத் தொடங்கினீர்கள். அஞ்சலட்டை அளவில் ஓர் அட்டை, தேயிலைச் சாயம், சிறிது நீர்வர்ணம், கறுப்பு மை, கிழித்தெடுத்த தேயிலைப் பைத்தாள். நாளுக்கொரு மலை. மறுநாள் காலை அந்த மலையை வெட்டித் துண்டுகளைப் புதிய அட்டையில் ஒட்டி, அவற்றின் மேல் அன்றைய மலையைத் தொடங்குவீர்கள். ஆகவே உங்கள் வீட்டில் எந்த நாளிலும் ஒரேயொரு படம்தான் இருந்தது. அதைக் கவ்வாத்து என்பீர்கள். வெட்டாமல் விட்ட தேயிலைச் செடி மரமாகிவிடும், கொழுந்து தராது. படமும் அப்படித்தான் என்பது உங்கள் வாதம். செடியைப் பொறுத்தவரை அதில் எனக்கு மறுப்பு இருந்ததில்லை.

வக்கீல் தொழிலில் வழக்குகளைக் குறைத்துக்கொண்டிருந்த என்னையும் நீங்கள் அதில் இழுத்துவிட்டீர்கள். ஞாயிறுதோறும் நுவரெலியாவிலிருந்து படத்துடன் பஸ் ஏறி வருவேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்ப்பீர்கள்.

"தம்பி, இது மலையா, காணி உறுதியோட வர்ற சர்வே பிளானா? எல்லைக்கல்லு மட்டுந்தான் கொறையுது."

"பாதையெல்லாம் சரியாத்தானே இருக்கு அண்ணே?"

"சரியாத்தான் இருக்கு. அதத்தான் சொல்றேன்."

கத்தரியை என் பக்கம் தள்ளுவீர்கள். நானும் வெட்டுவேன்.

தாயில்லாமல் வளர்ந்த உங்கள் ஒரே மகள் மலர், கொழும்புக்கு வேலைக்குப் புறப்பட்ட காலையில் நான் அங்கிருந்தேன். அன்று மேசையில் இருந்தது பள்ளிக்கூடத்திலிருந்து அவள் ஏறிவரும் பாதை. உங்கள் படங்களில் எனக்குப் பொறாமை தந்தது அது ஒன்றே.

"அப்பா, இத மட்டும் எனக்குத் தாங்க. ரூம்ல வச்சிக்கிறேன்."

"வச்சிக்கிட்டு? தெனமும் பார்த்து அழுவியா?"

"அழுதா ஒங்களுக்கு என்ன?"

நீங்கள் படத்தை எடுத்தீர்கள், பாதையின் குறுக்கே வெட்டினீர்கள். பிறகு, "போ, பஸ் வந்துரும்" என்றீர்கள்.

அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு நான் கூடச் சென்றேன். பஸ் வளைவில் தெரிந்தது. "சித்தப்பா, நீங்களும் ஒங்க படத்த வெட்டிடுவீங்களா?" என்று கேட்டாள். ஆமென்றேன். "நல்லது. ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்று சொல்லி ஏறிவிட்டாள்.

பாரிசவாதம் உங்கள் வலக்கையைக் கொண்டுபோனபோது, முந்தைய நாள் வரைந்த படம் வெட்டப்படாமல் நின்றுவிட்டது. கட்டிலில் கிடந்தபடி, திறந்த கதவின் வழியே அதை உங்கள் மேசையில் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "நான் போனா நீ வெட்டிரு. அவகிட்ட குடுக்காத" என்றீர்கள். சத்தியம் கேட்டீர்கள். நான் செய்து தரவில்லை. இதைப் பதிவு செய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

கருமாதி முடிந்து உறவினர் கலைந்த பின் மலர் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க வக்கீலு. சட்டப்படி சொல்லுங்க சித்தப்பா. அந்தப் படம் யாருக்கு?"

நீங்கள் மரண சாசனம் எழுதியிருக்கவில்லை. அவள் ஒருத்தியே வாரிசு. கட்டிலில் சொன்ன வார்த்தை அவளைக் கட்டுப்படுத்தாது. "ஒனக்குத்தான்" என்று எடுத்துக் கொடுத்தேன்.

சன்னல் வெளிச்சத்தில் வைத்து அதை நெடுநேரம் பார்த்தாள். நனைந்த பச்சைச் சரிவு, அதன்மேல் இறங்கும் மழைக் கருமை. உங்கள் கையிலிருந்து அவளுக்கு வந்த ஒரே பொருள். அழுவாள் என எதிர்பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கத்தரி எங்க?"

எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அவளே தேடி எடுத்தாள். அவசரமில்லாமல், சட்டைத்துணி வெட்டுகிறவளைப்போல வெட்டினாள்.

"இனி அப்பா எனக்கு ஒண்ணும் குடுக்கலன்னு சொல்ல ஏலாது. இருந்துச்சு. நாந்தான் வெட்டுனேன்."

துண்டுகளைக் கூட்டி என் பக்கம் தள்ளினாள். "இந்தாங்க, ஒட்டிக்கங்க. கொழுந்து வருதான்னு பாருங்க."

அன்று மாலையே கொழும்புக்குத் திரும்பினாள். பிறகு அவளிடமிருந்து அழைப்பு இல்லை.

பல வாரங்கள் அந்தத் துண்டுகளைத் தொடாமல் வைத்திருந்தேன். அன்றாடப் படம் நிற்கவில்லை. உயிரற்ற மலைகளை வரைந்தேன், வெட்டினேன். இன்றுதான் உங்கள் துண்டுகளை ஒட்டினேன். அவள் வெட்டிய கோணல் விளிம்புகள் பள்ளத்தாக்குகளாக விழுந்தன. மேலே சாயமும் மையும் இட்டபோது மலை தானாகவே எழுந்தது. மிகைப்படுத்திச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை: இதுவரை நான் செய்தவற்றில் இதுவே படம் என்று சொல்லத் தகுந்தது. நீங்கள் பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்கமாட்டீர்கள்.

உங்கள் வாதம் சரி என்பதற்கு இப்போது என்னிடம் சான்று இருக்கிறது. ஒரு பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பிப் பெற்ற சான்று. கொழுந்து வந்தது மலருக்குத் தெரியவே கூடாது. நான் இருக்கும்வரை தெரியாது.