முப்பத்து மூணு கேட்டால் இருபத்து மூணு

அன்புள்ள விக்கிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்களுக்கு அதுவே போதும். போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் பருப்புப்பொடி பார்சலோடு இதையும் வைக்கிறேன். நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில், முப்பத்து நாலாம் ரூம் சாப்பாட்டை நாற்பத்து மூணில் கொடுத்துவிட்டேன், எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு ஜெர்மன் வராது, திரும்பி வந்துவிடுகிறேன் என்றாயே, அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. நாலை முன்னால் சொல்லி முப்பதைப் பின்னால் சொல்கிற பாஷையில் நீ என்ன செய்வாய் பாவம்.

இங்கே நடந்ததைக் கேள். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து பிசியோதெரபிக்கு நான்தானே கார் ஓட்டுகிறேன். போன வாரம் ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது, திருப்பத்தில் வண்டி ஒரு மாதிரி அலைந்தது. எனக்குத்தான் கை ஓய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, இனிமேல் ஆட்டோவில் போகலாம் என்று சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பா தெருமுனைப் பஞ்சர் கடை டெரிக்கைக் கூப்பிட்டார். அவர் அளந்து பார்த்துவிட்டு, பஞ்சரும் இல்லை ஒன்றும் இல்லை, நாலு டயரிலும் இருபத்து மூணுதான் காற்று இருக்கிறது என்றார். நம் வண்டிக்கு முப்பத்து மூணு, டிரைவர் கதவோரம் ஒட்டின சீட்டிலேயே போட்டிருக்கிறது. டயர் மேலே இருக்கிற எண் அது தாங்கும் உச்ச அளவு, அதை நம்பிப் போடக்கூடாது, சீட்டைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்று முன்பே சொல்லித் தந்தவரும் அவர்தான். அந்த முப்பத்து மூணைத்தானே பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும்போது சொன்னேன் என்று யோசித்தேன், அப்புறம்தான் உறைத்தது. நம் ஊர்க் கன்னடத்தில் முப்பதுக்கு மூவத்து, இருபதுக்கு இப்பத்து, மூணுக்கு மூரு. நான் அவசரத்தில் பாதி தமிழும் பாதி கன்னடமுமாக முப்பத்து மூரு என்றிருக்கிறேன், காற்றுப் பிடிக்கிற ஈரப்பாவுக்கு அது இப்பத்து மூரு என்று கேட்டிருக்கிறது. ஜோகுபாளையத்திலேயே பிறந்து ஐம்பத்தாறு வருஷமாகக் கன்னடம் பேசுகிறவள் லட்சணம் இது. டெரிக் சரியாகப் பிடித்துக் கொடுத்ததும் வண்டி பூ மாதிரி திரும்பியது.

பங்கில் போய்ச் சொன்னேன், மேனேஜர் ஈரப்பாவைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். தப்பு என் நாக்கு மேல், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன். ஆனாலும் அந்தப் பெரிய மனுஷனுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அங்கே உனக்காக யார் இப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வாரம் ஒரு நாள் காலையில், டயர் சூடாகும் முன்னே காற்றுப் பார்க்கப் போனேன். அவர் அதே மிஷின் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் இரண்டு கையிலும் மூன்று மூன்று விரலை நீட்டி, "சரினா அம்மா?" என்றார், சரிதானே என்று.

நீயும் நாளைக்கு வேலைக்குப் போ கண்ணா, எண் சொன்னால் விரலைக் காட்டிக் கேள், சிரித்தால் சிரிக்கட்டும். அதற்கப்புறமும் முடியவில்லை என்றால் வா, ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். வெட்கப்பட்டு மட்டும் வராதே. பொடியில் ஈரக் கரண்டி போடாதே. நீ நல்லா இருப்பாய்.

சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்ட உன் அம்மா,
சரளா