சிவப்புப் பை விருந்தாளி

பரண்மேல் இருந்த தலையணைகளை இழுத்தபோது உன் சிவப்பு ரெக்ஸின் பை என் தோளில் வந்து விழுந்தது. நல்ல அடி. "போய்ச் சேர்ந்தும் என்ன சும்மா வுட மாட்டியாடி" என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பையைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனை. உள்ளே உன் பூப்போட்ட துண்டு, கறுப்புக் கண்ணாடி, நாம் குறை எழுதும் நாற்பது பக்க நோட்டு.

சனிக்கிழமை காலை இந்த வருஷத்தின் முதல் விருந்தாளிகள் வருகிறார்கள். அம்பத்தூர்க் குடும்பம், ஆறு பேர். பழவேற்காடு ஏரியில் படகில் போக வேண்டும், இறால் வறுவல் வேண்டும், மொட்டைமாடியில் காற்று வாங்க வேண்டும் என்று போனிலேயே எல்லாம் கேட்டுவிட்டார்கள். நீ இல்லாத முதல் கோடை இது. கார்த்திகை மழையில் காய்ச்சல் என்று படுத்தவள், எட்டே நாளில் எழுந்திருக்காமலே போய்விட்டாய். அன்றைக்குப் பூட்டிய முன்னறைகளைப் போன வாரம்தான் திறந்தேன். தை மாதத்திலிருந்து நான் பின்கட்டில்தான் இருக்கிறேன். மகள் ஓசூரில் அவள் குடும்பத்தோடு இருக்கிறாள். மணவாள நகரில் இருக்கும் என் வீட்டில் எனக்காக எவரும் காத்துக்கொண்டில்லை.

நாம் எப்படி இதில் இறங்கினோம் என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. காக்களூரில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் பதினோரு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து மூடி பொறுக்கினோம். கீறல் விழுந்தது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றினார்கள், நம்மை மாற்றவில்லை. கடைசி நாள் பஸ்ஸில் நீ சொன்னாய், "ஏரிக்கரையில எங்க நைனா ஊட்ல நான் பின்கட்டுலதான்டி இருக்கறேன், முன்ரூமுங்க சும்மா பூட்டிக் கெடக்குது. மெட்ராஸ்காரங்க காத்துக்குக் காசு குடுக்கறாங்களாம். வரியா?" யோசிக்கக்கூட இல்லை, வருகிறேன் என்றேன்.

முதல் கோடையின் முதல் நாளை மறக்கவே முடியாது. வந்த அம்மாவுக்கு டீ போட்டாய், பால் திரிந்துவிட்டது. அடுத்த பாக்கெட்டை உடைத்தாய், அதுவும் திரிந்தது. "கெட்டுப்போன பால எங்க தலையில கட்றியா?" என்று கடைக்காரரிடம் போய்க் கத்திவிட்டு மூன்றாவது பாக்கெட் வாங்கி வந்தாய். அதுவும் திரிந்தது. கடைசியில் அந்த அம்மாவே ஒரு தம்ளர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். "ஏங்க, தண்ணி இப்படி உப்புக் கரிக்குதே!"

"உப்பா? இதுவா?" என்றாய் நீ. உன் முகத்தில் இருந்த ஆச்சரியம் நிஜம். பிறந்ததிலிருந்து அந்த அடிபம்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளுக்கு அது வெறும் தண்ணீர். மணவாள நகரில் வளர்ந்த எனக்கு உடனே தெரிந்திருக்க வேண்டும். நான்தான் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்து வந்து அதையே குடித்துக்கொண்டிருந்தேனே! நீ கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டாய். அன்றிலிருந்து விருந்தாளிகளுக்குக் கேன் தண்ணீர்தான் என்று ஆனது.

நம் விருந்தாளி நாளும் அதிலிருந்துதான் வந்தது. "கம்பெனியில இன்னா ரூலு? பேக் பண்ண கை செக் பண்ணக் கூடாது. இங்க பேக்கிங்கும் நாமளே, செக்கிங்கும் நாமளேன்னா எப்டிடி வெளங்கும்?" என்றாய். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் வீட்டைத் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், உள்ளே வேலை எல்லாவற்றையும் நான் முடித்துவைக்க, நீ நல்ல புடவை கட்டிக் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிவப்புப் பையோடு பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வருவாய். கேட்டருகே நின்று, "யாருங்க ஊட்ல? நாங்க ஆன்லைன்ல புக் பண்ணிக்கீறோம்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கூவுவாய்.

அப்புறம் ஆரம்பிக்கும் உன் அழிச்சாட்டியம். கட்டிலில் படுத்துக்கொண்டு, "இன்னாங்க இது, லைட்ட நிறுத்த எழுந்து போவணுமா?" என்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீதானடி ஸ்விட்ச அங்க வெக்கச் சொன்ன!" என்றால், "அது ஊட்டுக்காரி சொன்னது. நான் விருந்தாளி" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வாய். நீ சொன்ன குறைகளை எல்லாம் நான் நோட்டில் எழுதுவேன். பொழுது சாய்வதற்குள் அத்தனையையும் சரிசெய்துவிட்டுத்தான் சாப்பாடு. மூன்று கோடை இப்படியே ஓடியது.

இந்த வருஷம் தனியாகவே எல்லாம் செய்தேன். மெத்தைகளை மாடியில் நான்கு நாள் வெயில் காட்டினேன். உப்புக்காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பிகளைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தேன். கொசுவலை கிழிசலைத் தைத்தேன். குளியலறைச் சுவரில் ஏறியிருந்த உப்புக்கறையைச் சுரண்டிச் சுரண்டி விரல்நுனி எரிந்தது. இடுப்பு விட்டுப்போகும் போல இருந்தாலும் நிறுத்தவில்லை.

ஏன் நிறுத்தவில்லை என்றால், உன் தம்பி சேகர். வீடு இப்போது அவன் பெயரில். கல்யாணமாகித் திருவள்ளூர் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறதே, அவனுக்கு இந்த வீடு ஒரு தலைவலி. போன வாரம் போன் செய்தான். "யக்கா, ஒண்டியா இன்னா பண்ணுவ நீ? கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு ஆள் வுடற காண்ட்ராக்டர் ஒருத்தரு கேக்கறாரு. வருஷம் பூரா ஆளுங்க தங்குவாங்க. ஒரு பேஜாரும் இல்ல. வியாழக்கிழம வந்து ஊட்டப் பாத்துட்டு அன்னிக்கே அவருக்குப் பதில் சொல்லிட்றேன்." அவனைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்கு வருகிறவர்களுக்கும் தங்க இடம் வேண்டும்தான். ஆனால் இது நீயும் நானும் கட்டிலுக்குக் கட்டில் சண்டை போட்டு உருவாக்கிய இடம். சும்மா விட்டுவிடுவேனா?

பையைக் கண்டெடுத்த மறுநாள், புதன்கிழமை, நானே விருந்தாளியாகப் பார்த்தேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்து, "யாருங்க ஊட்ல?" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கேட்டை நானே திறந்துகொண்டேன். பிறகு உள்ளே போய்ப் படுத்தேன், எழுந்தேன், குழாயைத் திறந்தேன், மூடினேன். ஒரு குறைகூடத் தெரியவில்லை. நோட்டுப் பக்கம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை சேகர் பைக்கில் வந்து இறங்கினான். அவனிடம் கெஞ்சுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சிவப்புப் பையை அவன் கையில் கொடுத்தேன்.

"வெளிய போய் விருந்தாளியா வா."

"இன்னாக்கா வெளாட்டு இது?"

"உங்கக்கா வருஷா வருஷம் செஞ்சது. இந்த வருஷம் நீ செய். ஒண்ணு வுடாம கொற சொல்லணும். அப்புறம் உன் காண்ட்ராக்டருக்கு நீ இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்."

பையை ஒரு தடவை பார்த்தான். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனான். கேட்டருகே நின்று கூச்சத்தோடு, "யாருங்க ஊட்ல?" என்றான். உங்கள் வீட்டுக் குரல்தான், கொஞ்சம் தடித்த குரல். "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்று சத்தமாகவே சொன்னேன்.

கட்டிலில் சாய்ந்த பிறகுதான், "ஃபேன் டக் டக்குன்னுதுக்கா" என்றான். எழுதினேன். துண்டை மாட்டினான், துருப்பிடித்த கொக்கி கையோடு வந்தது. எழுதினேன். குளியலறைத் தாழ்ப்பாள் சேரவில்லை, தலையணையில் பாச்சை உருண்டை நாற்றம். அப்புறம் அவனுக்கே ருசி வந்துவிட்டது. காலை ஆட்டிக்கொண்டு, "நாஷ்டா எத்தினி மணிக்குங்க?" என்றான். அக்காவுக்குத் தம்பி! ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

மேசைமேல் விருந்தாளிகளுக்காக வைத்திருந்த ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றி வாயில் வைத்தான். வைத்த வேகத்தில் ஜன்னலுக்கு ஓடித் துப்பினான்.

"யக்கா! உப்புத் தண்ணி!"

"உப்பா? இதுவா?" என்றேன்.

அவன் தம்ளரை வாங்கிக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு வாய் குடித்தேன். வெறும் தண்ணீர். அப்போதுதான் உறைத்தது. தை மாதத்திலிருந்து பின்கட்டு அடிபம்புத் தண்ணீர்தான் எனக்கு. டீக்குக்கூடப் பால் சேர்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். அத்தனை வேலை பார்த்தவளுக்குக் கேன் சொல்ல வேண்டும் என்பது நினைவுக்கே வரவில்லை. உன்னைக் கேலி செய்த அதே தப்பை, அதே வீட்டில், நான் செய்திருக்கிறேன்!

சேகர் முதலில் சிரித்தான். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தான், வெகுநேரம் துடைத்தான். "நீயும் எங்க ஊட்டு ஆளா ஆயிட்டக்கா" என்றான்.

மாடிக்குப் போய்ப் போன் பேசினான். நான் கீழேயிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "இல்ல சார், ஊடு காலி இல்ல. ஆளுங்க இருக்காங்க சார்." இறங்கி வந்து ஸ்க்ரூடிரைவரைக் கேட்டான். பொழுது சாய்வதற்குள் கொக்கி, தாழ்ப்பாள், ஃபேன் எல்லாம் முடிந்தது. அதன் பிறகுதான் இருவரும் சாப்பிட்டோம். கிளம்பும்போது, "சனிக்கிழம காலையில மூணு கேன் நானே எடுத்துகினு வரேன். நீ மறந்துடுவ" என்றான்.

நோட்டைத் துடைத்துத் திரும்பவும் உன் பைக்குள் வைத்துவிட்டேன். பை இனிமேல் பரண்மேல் இல்லை, கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அடுத்த கோடைக்கும் சேகர்தான் விருந்தாளி. அவன் திருவள்ளூர்த் தண்ணீர் குடிக்கிறவரை எனக்குக் கவலையில்லை.

கேன் தண்ணீர் வருகிறவர்களுக்கு. எனக்கு அடிபம்புதான். இதை எழுதும்போதுகூட ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். உப்பே இல்லை, போடி.