துரைசானி சொன்ன சொல்

வளப்பூர் நாடு,
20-1-1935

என் கண்ணு அம்சவேணிக்கு, அக்கா பாவாயி எழுதிக்கொண்டது.

உன் மகள் கண்ணாயி சுகம். மூணு வயசுக்கு வாய் மூடமாட்டேன் என்கிறாள். களியை உருட்டி ஊட்டினால்தான் இறங்குகிறது. உன் நர்ஸ் படிப்பு பங்குனியோடு முடிகிறது, வந்து பிள்ளையைக் கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சேலத்து வெயிலை இந்தப் பூஞ்சை உடம்பு தாங்குமா சாமி? என்ன அவசரம்? கொல்லைப் பலாவில் அவளுக்கென்று ஒரு பிஞ்சைப் பார்த்து வைக்கோல் பிரி சுற்றிவிட்டேன். பிரி சுற்றினதை இங்கே வேறு யாரும் தொடமாட்டார்கள், உனக்குத் தெரியாததா? பழுக்க ஆனி ஆகும். அதுவரைக்குமாவது இருக்கட்டும்.

இன்னொன்று. சிரங்குக்கு மருந்து வாங்க மிஷன் துரைசானியிடம் பிள்ளையைத் தூக்கிப்போனேன். அந்தம்மா நன்றாகத் தமிழ் பேசும், கோபம் வந்தால்தான் இங்கிலீசு. என்னையும் பிள்ளையையும் பார்த்து 'கவெட்' என்று இரண்டு தரம் சொன்னது. அர்த்தம் கேட்டேன், சொல்லாமல் உள்ளே போய்விட்டது. உங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டு எழுது. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அக்கா,
பாவாயி


சேலம்,
6-2-1935

அக்காவுக்கு அம்சவேணியின் கும்பிடு.

பெரிய நர்சம்மாவிடம் கேட்டேன். ஆசைப்படுவது என்று அர்த்தமாம். ஆனால் எல்லா ஆசைக்கும் அந்தச் சொல் வராதாம். கடையில் தொங்குகிற சேலைக்கு ஆசைப்பட்டால் வராது. அதே சேலையைப் பக்கத்து வீட்டுக்காரி கட்டியிருக்க, அவளுடையது என்று தெரிந்தும், நமக்கே வேணும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டால் அதற்குத்தான் அந்தச் சொல்லாம். அவர்கள் வேதத்தில் அது பெரிய பாவமாம்.

அக்கா, துரைசானி அதைச் சொல்லும்போது நீங்க என்ன பேசிக்கொண்டிருந்தீங்க? அதை எழுதவில்லையே. கண்ணாயி உங்களை என்னவென்று கூப்பிடுகிறாள்?

அம்சவேணி


சேலம்,
12-3-1935

அக்காவுக்கு,

ஒரு மாசமாகப் பதில் இல்லை. புருசன் போன கையோடு பதினோரு மாசக் குழந்தையை உங்க மடியில் போட்டுவிட்டு வந்தேன். வளர்க்கத்தான் கொடுத்தேன், வைத்துக்கொள்ளக் கொடுக்கவில்லை. சித்திரை பத்தாம் தேதி வாரேன்.

உங்களை மட்டும் குத்திப் பேசவில்லை. அவள் முதல் அடி எடுத்து வைத்ததை நீங்க பார்த்தீங்க, நான் பார்க்கவில்லை. அதை நினைத்தால் உங்கமேல் பொறாமையாக இருக்கிறது. அந்தச் சொல் எனக்கும்தான் பொருந்தும்.

அம்சவேணி


வளப்பூர் நாடு,
2-4-1935

கண்ணு அம்சவேணி,

என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். போன வருசம் காய்ச்சலில் அனத்தினபோது, 'அம்மா இருக்கேன் சாமி' என்று வாய் தவறி வந்துவிட்டது. பிறகு மாற்ற மனசு வரவில்லை. அன்றைக்கு, உன் பிள்ளை என்று தெரிந்த துரைசானியிடமே, 'இது என் பிள்ளைங்க, யாருக்கும் கொடுக்கமாட்டேனுங்க' என்றேன். பத்து வருசமாகத் தொட்டில் கட்டாத ஊடு இது. உனக்கு எழுதவே வெட்கமாக இருந்தது.

பத்து நாளாக, 'பெரியம்மா' என்று சொல்லச் சொல்கிறேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறாள். உன் மாமன் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

நீ வா, கூட்டிப்போ. பிரியை அவிழ்க்கவில்லை. பழம் அவளுடையதுதான், ஆனியில் மாமன் சேலத்துக்கே சுமந்து வருவார்.

நேற்று களத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து 'அம்மா, அம்மா' என்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. அப்புறம் 'பெரியம்மா' என்றாள். முறத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன்.

கண்ணாயியின் பெரியம்மா,
பாவாயி