ஆளுக்கு ஒரு பேச்சு

அத்தை,

இன்று காலை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டம். வெளியே தார் ஊற்றிச் சாலை போடுகிறார்கள், புகை வருகிறது என்று கீழ்த்தளத்து அறையின் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போயிற்று. சித்திரை வெயில். அத்தனை பேரின் வியர்வையும், உங்களைப் போலவே யாரோ தலையில் தடவியிருந்த விளக்கெண்ணெயும் சேர்ந்து ஒரு வாடை எழுந்தது. உடனே நீங்கள் நினைவில் வந்து என் எதிரில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

சண்டை எதைப் பற்றி என்கிறீர்கள்? பெரிய வீட்டுக்காரர்கள் சதுர அடிக் கணக்கில் ஓட்டு வேண்டும் என்கிறார்கள். சின்ன வீட்டுக்காரர்கள் வீட்டுக்கு ஒன்று என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன பாட்டி, நாங்க அடிச்சுக்கறோம், நீங்க சிரிக்கிறீங்க?" என்றார் செயலாளர்.

"இந்தச் சண்டை அமெரிக்காவுல நடந்தது தம்பி. அதுக்கப்புறம் எங்க வீட்டுல நடந்தது" என்றேன். வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கு வயதாகிவிட்டது; சரித்திரம் மறக்கவில்லை.

சென்னைக் கான்வென்டில் எனக்குச் சரித்திரம் நடத்தியவர் ஓர் ஐரிஷ்காரக் கன்னியாஸ்திரீ. இங்கிலாந்து ராஜாக்களின் கதையை உட்கார்ந்தபடி நடத்துவார். அமெரிக்கர்கள் அந்த ராஜாவை உதறிய கதை வந்தால் மட்டும் எழுந்து நின்றுகொள்வார். அந்தக் கதையை அப்படியே சுமந்துகொண்டுதான் திருமுல்லைவாயிலில் உங்கள் கடைசி மருமகளாக நுழைந்தேன். மூத்த மருமகளான பெரியக்கா என்னை "தொரசாணி" என்று கூப்பிட்டார். நானும் மறுக்கவில்லை.

யுத்தம் முடிந்திருந்த சமயம். உங்கள் கடைசிப் பிள்ளை பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ரயிலில் வரும்போது பத்திரிகை வாங்கி வந்து வாய்விட்டுப் படிப்பார். டில்லியில் நம் ஆட்களே கூடி நமக்குச் சட்டம் எழுதப் போகிறார்கள் என்று ஒரு நாள் படித்தார். நீங்கள் முறத்தைக் கீழே வைத்தீர்கள்.

"சட்டம்னா மேல இருக்கறவன் போடறது. நாமளே எப்படிடா எழுதிக்கிறது?"

அவர் பதிலைப் பத்திரிகையில் தேடினார். எனக்குத் தெரியும். அன்று தொடங்கி, நீங்கள் நெல் புடைக்கும் நேரமெல்லாம் நான் அமெரிக்காவின் கதை சொன்னேன். ராஜாவை விரட்டிய பிறகு அவர்கள் முதலில் செய்துகொண்ட ஏற்பாடு, வரி வசூலிக்கக்கூட வலுவில்லாமல் இளகிப் போனதைச் சொன்னபோது, "மொதல் கட்டு இறுகல போல கீது" என்றீர்கள். பெரிய மாநிலங்கள் ஆள்கணக்கில் ஓட்டுக் கேட்க, சின்ன மாநிலங்கள் மாநிலத்துக்கு ஒன்று என்று அடம்பிடிக்க, பேச்சு வெளியே போகாமல் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு ஒரு கோடை முழுக்க வாதாடினார்கள் என்றதும், "புழுக்கத்துல செத்திருப்பானுங்களே" என்று விசிறியை எடுத்தீர்கள். போரை ஜெயித்த படைத்தலைவரே அந்தச் சபைக்குத் தலைமை தாங்கினார், ஆனால் விவாதத்தில் அநேகமாக வாயே திறக்கவில்லை என்றேன். அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னீர்கள்.

நம் வீட்டுக் கட்டும் அப்போது இளகிக்கொண்டிருந்தது. சர்க்கரையும் மண்ணெண்ணெயும் ரேஷன். பெரியக்காவுக்கு வீடு நிறையப் பிள்ளைகள்; எல்லாம் தலைக்கணக்கில் வேண்டும் என்றார். எனக்கு அப்போது குழந்தை இல்லை. குடும்பத்துக்குக் குடும்பம் சமமாக வேண்டும் என்றேன். நடு அக்கா காற்றடிக்கிற பக்கம் சாய்வார். கடைசியில் பெரியக்கா, தனி உலை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மூன்று மருமகள், மூன்று அடுப்பு.

அப்படியானால் தனம் அண்ணி எந்த அடுப்பில் சாப்பிடுவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் மகள். இருபது வயதில் தாலி அறுத்து வந்தவர். நாம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு அடுப்படி நிலைப்படியில் உட்காருவார். வீடு ஒன்றாக இருந்தவரை அது பிறந்த வீடு. மூன்றாகப் பிரிந்தால் அவருக்கு வீடே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆண்களை வயலுக்கு அனுப்பிவிட்டு எங்களை நெல் அறைக்குக் கூப்பிட்டீர்கள்.

"அந்த ஜன்னல சாத்துடி."

"வேவுதே அத்தே!" என்றார் நடு அக்கா.

"வேவட்டும். பேச்சு தெருவுக்குப் போவக் கூடாது. ஆளுக்கு ஒரு பேச்சு. நான் நடுவுல குந்திக்கினு கேக்கறேன், அவ்ளோதான்."

தனி உலைக்குப் பெரியக்காவும் நடு அக்காவும் கை தூக்கினார்கள். ஒரே உலைக்கு நான் ஒருத்தி. முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் நிலைப்படிப் பக்கம் திரும்பினீர்கள்.

"தனம், உள்ள வா."

பெரியக்கா கொதித்துப் போனார். "அவங்களுக்கு ஏது அத்தே அடுப்பு, புருசன், புள்ள? வேணும்னா அர ஆளா வச்சிக்கோங்க."

எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்தது. "அக்கா, அங்கேயும் இப்படித்தான் கணக்குப் போட்டாங்க. அடிமைகள்ல அஞ்சு பேர மூணு பேரா எண்ணினாங்க. அந்த மூணு பேருக்கும் பேச வாயில்ல. பின்னால அதத் தீர்க்கறதுக்கு அண்ணன் தம்பிங்களே வெட்டிக்கிட்டுச் செத்தாங்க" என்றேன்.

நீங்கள் விசிறியைக் கீழே வைத்தீர்கள். பிறகு, "அவ்ளோ படிச்சவனுங்க, அந்த எடத்துல கோட்டை உட்டுட்டானுங்க. நாம உட வேணாம். ஆளுல ஏதுடி அரை, முக்காலு? வேலை வாங்கறப்ப முழுசாத்தானே வாங்கறோம்?" என்றீர்கள்.

தனம் அண்ணி உள்ளே வந்தார். உட்காரவில்லை. சுவரோடு சுவராக நின்றபடி கையை மட்டும் தூக்கினார்.

இரண்டுக்கு இரண்டு. யாரும் ஜெயிக்கவில்லை என்பதால்தான் பேசவே ஆரம்பித்தோம். சர்க்கரையும் எண்ணெயும் தலைக்கணக்கு என்று நான் விட்டுக்கொடுத்தேன். வீட்டுக் காரியங்களில் ஆளுக்கு ஒரு பேச்சு, தனம் அண்ணிக்கும் சேர்த்து, என்று பெரியக்கா விட்டுக்கொடுத்தார். அடுப்பு ஒன்றாகவே இருந்தது. ஜன்னலைத் திறந்தபோது எல்லோருடைய ரவிக்கையும் தொப்பலாக நனைந்திருந்தது. "இன்னா தொரசாணி, ஒங்க அமெரிக்காவுல சபை முடிஞ்சா மோர் குடுப்பாங்களா?" என்றார் பெரியக்கா. தனம் அண்ணிதான் மோர் கரைத்தார். அன்று ராத்திரி எங்களோடு ஒரே வரிசையில் அவருக்கும் இலை போட்டீர்கள்.

பிறகு ஒரு பொங்கலன்று, அந்தப் படைத்தலைவர் நாட்டுக்கே தலைவராகி, யாரும் போகச் சொல்லாமலே பதவியை விட்டுத் தன் வயலுக்குத் திரும்பிய கதையைக் கேட்டீர்கள். "நெஜமாவா? யாரும் புடுங்கலையா?" என்றீர்கள். மறு வருஷம் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து எங்கள் நடுவில் வைத்தீர்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே. யாரிடம் கொடுப்பது என்று ஆளுக்கு ஒரு பேச்சு கேட்டீர்கள். தனம் அண்ணி என்று முதலில் சொன்னது பெரியக்கா.

நீங்கள் போய்ச் சில வருஷங்களில் உங்கள் கடைசிப் பிள்ளையும் போய்விட்டார். பதினாறாம் நாள் முடிந்து, வீட்டில் என்னவோ முடிவு செய்யக் கூடினார்கள். நான் என்னை அறியாமல் அந்த நிலைப்படியில் போய் நின்றேன். கான்வென்ட் படிப்பு, நிமிர்ந்த தலை, ஒன்றும் என்னை உள்ளே நகர்த்தவில்லை. சாவிக்கொத்து குலுங்கத் தனம் அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க இன்னாத்துக்கு நிக்கறே? உள்ள வந்து குந்து. ஒன் பேச்சு பாக்கி கீது."

அத்தை, நான் தந்தது ஒரு கதை. நீங்கள் அதில் ஒரு திருத்தம் செய்தீர்கள். அந்தத் திருத்தத்தின் நிழலில்தான் இத்தனை வருஷம் முழு ஆளாக வாழ்ந்திருக்கிறேன்.

இன்றைய கூட்டத்தில் இரண்டாம் மாடிப் பெண் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கணவனை இழந்து அண்ணன் வீட்டில் இருப்பவள். மாடிப்படி விளக்கு எரியாததைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். "வீடு உங்க பேர்ல இல்லையேம்மா" என்றார் ஒருவர்.

மாலை மறுபடி கூடுகிறார்கள். நான் சீக்கிரமே இறங்கிப் போய், என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டு வைக்கப் போகிறேன். ஜன்னல் சாத்தியிருந்தாலும் பரவாயில்லை. புழுக்கம் எனக்குப் பழக்கம்தான்.

உங்கள்
தொரசாணி