ஆறாவது பறவைக்குக் கால்

தென்காசி,
ஜூலை 19.

அன்பு மகன் ஜெபஸ்டினுக்கு, அப்பா எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கடுதாசியை எடுக்காமல் என்ன செய்வாய், பார்ப்போம்.

இங்கே நல்ல சாரல். குற்றாலத்தில் கூட்டம் தாங்கவில்லையாம். வீட்டில் துணி காயவில்லை. அதை யாரிடம் சொல்லிப் புலம்ப?

அம்மா அடக்கத்துக்கு நீ வரவில்லை என்று முதலில் எனக்குக் கோபம்தான். விசா புதுப்பிக்கக் கொடுத்திருக்கும்போது கிளம்பினால் மனு போய்விடும், வேலையும் போய்விடும் என்று உன் சித்தப்பா மகன் சாம் எடுத்துச் சொன்னான். கோபம் தீர்ந்தது. கல்லறையில் பக்கத்து வீட்டு முத்துசெல்வி உனக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடையைப் போனுக்குக் காட்டிவிட்டு அவள் நனைந்தாள். நீ அழுதது எல்லோருக்கும் கேட்டது. அதற்கா வெட்கப்பட்டு ஒளிகிறாய்? பெற்றவளுக்கு அழாமல் வேறு யாருக்கு அழுவது?

எழுத வந்தது சட்டை விஷயம். போன வருஷம் ஊருக்கு வந்தபோது, பேத்தி ஜெனியின் கிரிக்கெட் சட்டை தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துக் கொடு என்று அம்மாவிடம் தந்துவிட்டு மறந்து போனாய். அதன் நெஞ்சில் ஆறு பறவை, ஒன்றுக்கும் கால் இல்லை. தைத்தவன் ஏமாற்றிவிட்டான் என்று அம்மா போனில் உன்னிடம் சண்டைக்கு வந்தாள். நீ சிரித்தாய். இங்கிலாந்தில் நீ இருக்கிற சசெக்ஸ் பழைய சாக்சன் ராஜாக்கள் ஆண்ட சீமை, அவர்கள் சின்னம் என்று பின்னால் வந்தவர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள், இன்றைக்குப் போலீஸ் தொப்பியிலும் இதுதான் என்றாய். தரையிறங்காமல் பறந்துகொண்டே இருக்கிற பறவையாம், அதனால் கால் கிடையாதாம்.

போனை வைத்ததும் அவள், 'பெரிய ராஜாவாம், ஒரு குருவிக்குக் கால் வைக்கத் துப்பில்ல. அது எங்கன போய் உக்காரும்?' என்று கேட்டாள். அன்றைக்கே மஞ்சள் நூல் வாங்கி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் அந்தச் சட்டை அவள் மடியில்தான் கிடந்தது.

ஐந்து பறவைக்குக் கால் வந்துவிட்டது, விரலோடு. ஆறாவதின் பக்கத்தில் ஊசி குத்தியபடி இருக்கிறது. நான் தைத்துப் பார்த்தேன், நூல் சிக்கிவிட்டது. முத்துசெல்வி முடித்துத் தருகிறேன் என்றாள், சாம் தபாலில் அனுப்புகிறேன் என்றான். இரண்டும் வேண்டாம் என்றுவிட்டேன்.

சட்டையை அம்மாவின் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஊசியை எடுக்கவில்லை. விசா வந்ததும் ஜெனியைக் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கு ஊசி பிடிக்கத் தெரியும் என்று அம்மா பீற்றிக்கொள்வாள். அதற்குள் பிள்ளை வளர்ந்து சட்டை பத்தாமல் போனாலும் போகட்டும்.

உன் கால் நம் வாசலில் படுகிறவரைக்கும் கர்த்தர் உன்னைக் கைவிடாதிருப்பாராக.

உன் அப்பா,
அருமைநாயகம்